மூன்றரைத் தொன்னுக்குள் ஒரு தாய்மாமன்

நான் வாங்கிய வண்டியை நான் ஓட்டக்கூடாது என்ற விஷயம், அதை ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் மாடிக் குடியிருப்பின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, மனைவி முன்சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

சும்மா வண்டி அல்ல. கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி. நோர்வேக்காரர் ‘பூபில்’ என்பார்கள். இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதி அது. என் வேலையிடத்தில் எல்லோருக்கும் மலையில் ஒரு மரவீடு இருந்தது. திங்கட்கிழமை வந்தால் அதைப் பற்றியே கதைப்பார்கள். நான் மட்டும் கோப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓய்வுபெற்ற ஒருவர் லில்லெஸ்ட்ரோமில் தன் வீட்டு வண்டியை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். உள்ளே சின்ன மேசை, அதற்கு மேலே பூப்போட்ட திரைச்சீலை. அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டேன். இயந்திரத்தைத் திறந்து பார்க்கவேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

துணைக்கு வந்த என் நண்பன் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுபவன். வண்டியின் அகலத்தைப் பார்த்ததும் நான் திறப்பை அவனிடம் நீட்டிவிட்டேன்; அவனே வீடுவரை ஓட்டிவந்தான். எலுமிச்சம்பழம் நசிந்து முடிய, பதிவு அட்டையை எடுத்து வாசித்தான்.

“டேய் மச்சான், உன்ரை லைசன்ஸ் மூன்றரைத் தொன் நிறைக்குத்தானே?”

“ஓம். அதுக்கென்ன?”

“இது அதுக்கு மேலை பதிஞ்சிருக்கு. நீ இதை ஓட்டேலாது.”

“அப்ப நீ எப்பிடி ஓட்டினனீ?”

“நான் பஸ் ஓடுறவன்ரா. நீ வேணுமெண்டால் பின்னாலை இருந்து பெல் அடி.”

மனைவி உள்ளே ஏறிச் சுற்றிப் பார்த்தாள். “திரைச்சீலை வடிவாத்தான் இருக்கு,” என்றாள். “நிப்பாட்டி வைச்சே பாக்கலாம்.”

நிப்பாட்டி வைக்கத்தான் முடியாமல் இருந்தது. பேர்கனில் இருக்கும் என் தங்கையின் மகளுக்குக் கோடை விடுமுறையில் சாமத்தியவீடு, அதாவது பூப்புனித நீராட்டு விழா. நான் தாய்மாமன். மாமன் வந்து பாலறுகு வைக்காமல் பிள்ளையின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழாது. “நாங்கள் வீட்டோடை வாறம், எங்களுக்கு அறை தேடாதை,” என்று தங்கைக்கு ஏற்கனவே தொலைபேசியில் பெருமை அடித்திருந்தேன். அவளும் விடவில்லை. “அண்ணா, உங்கடை வண்டி பெரிசுதானே, இஞ்சை பிள்ளையை இருத்திற மணவறை வாடகைக்கு எடுக்கேலாது, அங்கையிருந்து கொண்டு வாங்கோ,” என்றாள். பிறகு சமைக்கிற கிடாரம். பிறகு குத்துவிளக்கு. பலகாரத்தை மனைவி தானாகவே பொறுப்பேற்றாள். ஆக, மாமனும் பேர்கன் போய்ச் சேரவேண்டும், சாமானும் போய்ச் சேரவேண்டும்.

பாரமான வாகனத்துக்கு லைசன்ஸ் எடுப்பதென்றால் வகுப்பு, வைத்தியர், பரீட்சை என்று கோடை முடிந்துவிடும். “வண்டியைக் குறைச்சுப் பதியலாம், கனபேர் செய்யிறவை,” என்றான் நண்பன். அவனே வண்டியை வாகனப் பதிவு நிலையத்துக்கு ஓட்டி வந்தான். நான் பின்னால் இருந்தேன். பெல் இல்லை.

அங்கே ஓர் அம்மையார் வண்டியை வெறுமையாக நிறுத்தி நிறை பார்த்தார்.

“எந்தப் பகுதியை வெட்டி எடுப்பீர்கள்?” என்று கவலையோடு கேட்டேன். திரைச்சீலைப் பக்கமாக இருக்கக்கூடாது என்பது என் வேண்டுதல்.

“ஒன்றையும் வெட்டமாட்டோம். அனுமதிக்கப்பட்ட மொத்த நிறையைப் பதிவில் மூன்றரைத் தொன்னாகக் குறைப்போம். வண்டி அதே வண்டிதான். நீங்கள்தான் குறைவாக ஏற்றவேண்டும்.”

அப்படி மாற்றினால் வண்டி லொறிகளின் வகுப்பை விட்டுச் சின்ன வாகனங்களின் வகுப்புக்கு வந்துவிடுமாம். சுங்கச்சாவடியில் லொறிக் கட்டணம் இல்லை. லொறி வேகத்தில் ஊரவும் தேவையில்லை. எனக்கு வாயெல்லாம் பல். அவர் இருக்கைகளை எண்ணி, ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு பொதுவான நிறையை வைத்துக் கணக்குப் போட்டார். அந்தப் பொது மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறுகிறவராக இருக்கவேண்டும். எங்கள் கோவில் அன்னதானப் பந்தியில் அவரை நான் கண்டதில்லை.

“ஆட்கள் ஏறினால் சாமானுக்கு அதிகம் மிஞ்சாது,” என்று எச்சரித்தார். “யோசித்துச் செய்யுங்கள்.”

“பரவாயில்லை,” என்றேன். “நாங்கள் எளிமையான ஆட்கள்.”

நண்பன் இருமினான். புதிய பதிவு அட்டை வந்தது. நான் அன்றே வண்டியைக் குடியிருப்பைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். ஒரு குப்பைத் தொட்டியைத் தவிர வேறு எவருக்கும் சேதமில்லை.

பயணத்துக்கு முதல்நாள் எங்கள் வீட்டு எளிமை நண்பனின் தோளில் படியிறங்கத் தொடங்கியது. மணவறையின் தூண்கள், முதுகுப் பலகை, இரண்டு பக்கமும் சிங்கம் வைத்த கதிரை, கிடாரம், அகப்பைகள், குத்துவிளக்கு, அரிசி மூட்டை, தேங்காய். பயத்தம் பணியாரமும் அரியதரமும் சீப்புப் பணியாரமும் முறுக்கும் பெட்டி பெட்டியாக. பதின்மூன்று வயது மகள் குளியலறைத் தராசை வாசலில் வைத்து ஒவ்வொன்றையும் நிறுத்தாள்.

“இனி ஆக்கள். அம்மா, ஏறுங்கோ.”

“என்ரை நிறையை றோட்டுக்கு என்னத்துக்குச் சொல்லவேணும்?” என்றாள் மனைவி. “எண்பதுக்குக் கீழை எண்டு போடு.”

“அப்பா?”

நான் கலியாணம் கட்டியபோது இருந்த நிறையை உடனே சொன்னேன். மகள் என் வயிற்றைப் பார்த்தாள். “அப்பா, ப்ளௌட்!” என்றாள். வெட்கக்கேடு என்று அர்த்தம். அந்தச் சொல்லை அவள் பெரும்பாலும் என்னைப் பார்த்துத்தான் சொல்வாள்.

மறுநாள் காலை புறப்பட்டோம். நண்பன் தன் காரில் பின்னால் வந்தான், வழியனுப்ப என்று சொல்லிக்கொண்டு. நகரத்துக்கு வெளியே வீதியோரத்தில் ஒரு பெரிய தராசு இருந்தது. ஆள் இல்லாத நேரத்திலும் வண்டியை ஏற்றினால் சிவப்பு எழுத்தில் நிறை காட்டும். ஏற்றினேன். மூன்றரைத் தொன்னை எழுத்து நிதானமாகத் தாண்டிப்போய் நின்றது.

தண்ணீர்த் தாங்கியைத் திறந்துவிட்டோம். கூடாரத் துணியையும் மடக்குக் கதிரைகளையும் கழற்றி நண்பனின் காரில் போட்டோம். எல்லோரும் திரும்ப ஏறிப் பார்த்தோம். எழுத்து கொஞ்சம் இறங்கியிருந்தது, போதவில்லை.

“அரிசியை இறக்குவமே?” என்றேன்.

“அரிசி இல்லாமல் சாமத்தியவீடே?” என்றாள் மனைவி.

“கதிரையிலை ஒரு சிங்கத்தைக் கழட்டினால்?”

“பிள்ளை ஒரு சிங்கத்திலை சரிஞ்சிருக்கிறதோ?”

“பலகாரம்...” என்று தொடங்கிய நான் மனைவியின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். யோசிப்பதற்காக வண்டியை விட்டு இறங்கி வீதியோரம் நின்றேன்.

“அப்பா, அசையாதேங்கோ!” மகள் கத்தினாள். சிவப்பு எழுத்து மூன்றரைக்குக் கீழே போய்ச் சமத்தாக நின்றது.

நான் ஏறினேன். மேலே போனது. இறங்கினேன். கீழே வந்தது. நண்பன் காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “மச்சான், நீ சொன்ன கலியாண நிறையிலை வந்திருந்தால் தப்பியிருப்பாய்!”

“நீயெண்டாலும் ஓட்டிக்கொண்டு போவன், உன்னட்டைப் பெரிய லைசன்ஸ் இருக்குத்தானே,” என்று கெஞ்சினேன்.

“இப்ப ஆர் ஓட்டினாலும் இதுக்கு மூன்றரைதான். நீதானே குறைப்பிச்சனீ?”

மனைவி ஏற்கனவே ஓட்டுநர் இருக்கையில் இருந்தாள். லைசன்ஸ் பரீட்சையில் முதல் தடவையே சித்தியடைந்தவள் அவள். என் கதையை விடுவோம். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள். “இஞ்சேருங்கோ, பேர்கனுக்கு றெயின் இருக்குத்தானே?”

இருந்தது. நண்பன் என்னை மத்திய நிலையத்தில் இறக்கிவிட்டான். மலை, பனி, ஏரி என்று றெயின் யன்னலில் எல்லாம் அழகாக ஓடின. நான் அவற்றில் ஒரு வெள்ளை வண்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த வளைவுகளில் அவள் என்ன பாடுபடுகிறாளோ, மணவறை சரிந்து பலகாரத்தில் விழுந்திருக்குமோ?

பேர்கனில் மழை. தங்கையின் கணவர் குடையோடு நின்றார். “அத்தான், பூபில் எங்கை?”

“வருது.”

“நீங்கள் அதிலை வாறதெண்டுதானே சொன்னனீங்கள்?”

“அதிலை எனக்கு இடமில்லை.”

அவர் மேலே கேட்கவில்லை. நல்ல மனிதர். தங்கை வீட்டில் இருந்த சொந்தக்காரர்கள் அவ்வளவு நல்லவர்கள் அல்ல. ஒவ்வொருவரும் தனித்தனியாக விளக்கம் கேட்டார்கள். பின்னேரம்வரை நான் யன்னலை விட்டு நகரவில்லை.

கடைசியில் ஹோர்ன் சத்தம் கேட்டது. முழுத் தெருவையும் அடைத்துக்கொண்டு வந்த வண்டியை மனைவி இரண்டு கார்களுக்கு நடுவில் ஒரே திருப்பில் நிறுத்தினாள். மகள் குதித்து இறங்கினாள்.

“அப்பா! வழியிலை வாகனச் சோதனைக்காரர் மறிச்சவங்கள். தராசிலை ஏத்தினவங்கள்!”

“ஐயோ. பிறகு?”

“சரியா இருந்தது, மட்டுமட்டா. அந்த அங்கிள் சிங்கக் கதிரையைப் பாத்திட்டு எந்த அரசருக்கு எண்டு கேட்டவர். என்ரை மச்சாளுக்கு எண்டு சொன்னனான். அம்மா அவருக்கு முறுக்குக் குடுத்தவ.”

“நிறை இன்னும் குறையட்டும் எண்டுதான்,” என்றாள் மனைவி, திறப்பைத் தன் கைப்பைக்குள் போட்டபடி.

மறுநாள் காலை என் தங்கையின் மகள் முக்காட்டோடு பலகையில் இருந்தாள். நான் அறுகம்புல்லையும் பாலையும் எடுத்துக்கொண்டு குனிந்தேன். அவள் தலையை நிமிர்த்தாமல் மெதுவாகக் கேட்டாள்: “மாமா, உங்களை றோட்டிலை இறக்கிவிட்டிட்டு வந்தவையாமே?”

பாலைக் கொஞ்சம் கூடவே விட்டேன். மூக்கு நுனிவரை வடிந்தது.