பத்தொன்பதாம் தூணின் கட்டிகள்

அந்தப் பாலத்து வேலையில் அவளை எல்லோரும் கட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், வாசல் காவலாளி, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அவளும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை.

நாட்டின் இரண்டு பாதிகளுக்கு நடுவே ஓர் அகலமான ஆறு. இந்தக் கரையில் வந்து நிற்கும் ரயிலும் அந்தக் கரையில் காத்திருக்கும் ரயிலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே கிழடாகிவிட்டன. அவற்றைச் சேர்த்துவைக்க நாற்பத்திரண்டு தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு தூணுக்கும் கான்கிரீட் ஊற்றும்போது அவள் இரும்பு அச்சுகளோடு போய் நிற்பாள். அதே கலவையில் ஆறு கட்டி பிடிப்பாள். மறுநாள் அச்சைக் கழற்றி, தூணின் எண்ணை எழுதி, தண்ணீர்த் தொட்டியில் போடுவாள். ஏழாம் நாள் மூன்று, இருபத்தெட்டாம் நாள் மூன்று என்று இயந்திரத்தில் வைத்து அமுக்கி உடைப்பாள். உடையும் நொடியில் முள் எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் தூணின் பலம். இருபத்தெட்டாம் நாள் அது முப்பத்தைந்துக்குக் குறையக் கூடாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றால், ஒரு தூணுக்கு ஆறு கட்டி பதம்.

பதினாறு வருடமாக இதுதான் வேலை. சிமெண்ட் தண்ணீர் பட்டுப் பட்டு விரல் நுனிகள் வெடித்து, ரேகையே இல்லாமல் போய்விட்டது. வருகைப் பதிவு இயந்திரம் அவள் விரலை ஏற்காது. அவளுக்கு மட்டும் நோட்டில் கையெழுத்து. கல்யாணம் ஒன்று நடந்தது, நாலு வருடத்தில் முடிந்தும் போனது. மிச்சம் இருந்தது தம்பி ஒருவன்தான். அப்பா அம்மா போனபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அவள் படிக்க வைத்தாள், திட்டினாள், இதே பாலத்தில், தூணுக்குத் தூண் கிடத்தும் பெரிய உத்தரமான கிர்டரை ஏற்றும் குழுவில் சேர்த்தும் விட்டாள். இப்போது அவனுக்கு முப்பது. மீசையெல்லாம் இருந்தாலும் அவள் கண்ணுக்கு அவன் இன்னும் வளரவில்லை.

ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது அவள் கண்டுபிடித்ததல்ல. அவள் வேலை பார்த்த எல்லாச் சோதனைக் கூடத்திலும் இருந்தது. கலவை நன்றாக அமைந்த நாளில் கூடுதலாக ஆறு கட்டி பிடித்து, எண் எழுதாமல் தொட்டியின் மூலையில் போட்டு வைப்பார்கள். அதற்குப் பெயர் மாப்பிள்ளைக் கட்டி. பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு. ஏதாவது தூணின் கட்டி சோடையாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், ஆய்வாளர் வரும் நாளில் மாப்பிள்ளைக் கட்டியில் அந்தத் தூணின் எண்ணை எழுதி இயந்திரத்தில் ஏற்றிவிடுவார்கள். இதை யாரும் ஏமாற்று என்று நினைக்கவில்லை. அச்சில் கலவையைச் சரியாகக் குத்தி இறுக்காமல் விட்டாலோ வண்டியில் குலுங்கினாலோ நல்ல கலவையிலும் கட்டி கெட்டுப்போகும்தான். "கட்டிதான் மோசம், கான்கிரீட் நல்லதுதான்" என்பது அவர்கள் மந்திரம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் அல்லவா, அது போல.

பத்தொன்பதாம் தூணின் தலைப்பகுதிக்குப் பிடித்த கட்டிகளை ஏற்றி வந்த ஜீப் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. ஏழாம் நாள் சோதனையில் எண் படு மோசம். ஜீப்பின் மேல் பழியைப் போட்டுவிட்டு அவள் பேசாமல் இருந்தாள். இருபத்தெட்டாம் நாள், அதாவது நேற்று, ரயில்வே ஆய்வாளர் வந்தார். மூலையில் இருந்த மாப்பிள்ளைகள் எண் போட்டுக்கொண்டு மேடையேறினார்கள். நாற்பத்தாறு, நாற்பத்தேழு, நாற்பத்தாறு. ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே கிர்டர் ஏற்றலாம் என்று உத்தரவானது.

மாப்பிள்ளையைக் காட்டிய மறுநாள், கதவைச் சாத்திக்கொண்டு நிஜக் கட்டியை உடைத்துப் பார்ப்பது அவள் பழக்கம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அந்தக் குறுகுறுப்பை அடக்க ஒரு வைத்தியம். எப்போதும் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று கொஞ்சம் குறைவாக வரும். "குலுக்கல்தான்" என்று சொல்லிக்கொண்டு, உடைந்த துண்டுகளைக் கொண்டுபோய்க் கொட்டிவிடுவாள்.

இன்று முதலாவது கட்டி உடைந்தபோது முள் பத்தொன்பதில் நின்றது.

முள் பழுதோ என்று இயந்திரத்தைத் தட்டிப் பார்த்தாள். இரண்டாவது, பதினெட்டு. மூன்றாவதை வைத்தாள். இருபது. உடைந்த துண்டை எடுத்து விரலால் தேய்த்தாள், மணல் உதிர்ந்தது. பதினாறு வருடக் கைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இது குலுக்கல் இல்லை. சிமெண்டே போதவில்லை.

கலவை பிளான்ட் ஆபரேட்டருக்குப் போன் போட்டாள்.

"பத்தொன்பதுக்கு ஊத்துன அன்னிக்கு அங்க ஏதாவது கோளாறா? நெஜத்தச் சொல்லு."

"சிமெண்ட் வர்ற குழாய் அடைச்சுக்கிச்சுக்கா. தட்டி விட்டோம். ரெண்டு மூணு லோடுல சிமெண்ட் கம்மியாப் போயிருக்குமோன்னு எனக்கே பயம்தான். நேத்து வரைக்கும் தூக்கமே இல்ல. ஆனா உன் கட்டி நாப்பத்தாறு வந்துச்சுன்னாங்களே! அப்பாடான்னு விட்டுட்டேன்."

அவள் போனை வைத்தாள். வாயைத் திறக்க வந்தவனை அவளுடைய பொய்தான் அடைத்திருக்கிறது. வெளியே சங்கு ஊதியது. கிர்டர் நகரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

தூக்கும் வேலை நடக்கும்போது பாலத்தில் நிற்கிற எல்லோருடைய போனும் ஒரு பெட்டிக்குள் போய்விடும்; கவனம் சிதறக் கூடாது என்று விதி. ஆக, போய்த்தான் சொல்ல வேண்டும். ஆற்றுக்குள் போகும் தற்காலிக இரும்புப் பாதையில் அவள் ஓடினாள். நாற்பத்து நாலு வயதும் ரப்பர் காலணியும் ஓடுவதற்கு ஏற்றவை அல்ல. எதிரே, பாலத்துக்கு மேலே, கிர்டரைச் சுமந்து நகர்த்தும் பெரிய தூக்கி இயந்திரம் நின்றது. அதன் முன்கால் பத்தொன்பதாம் தூணின் தலையில் ஊன்றியிருந்தது. நூற்று அறுபது டன் கிர்டர் அதன் வயிற்றில் தொங்கியபடி அங்குலம் அங்குலமாக முன்னே வந்தது. அது வர வர எடை முழுதும் முன்காலுக்குப் போகும். முன்காலைச் சுற்றி மஞ்சள் தொப்பிகள் ஆறு. அதில் ஒன்று அவள் தம்பி.

ஓடும்போது ஒரு கணம் மனம் தந்திரம் பேசியது. தம்பியை மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லிக் கீழே கூப்பிட்டுவிட்டால் என்ன? அந்த நினைப்பு வந்ததற்கே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் வந்தது, அதை மறைப்பதற்கில்லை.

கீழே சிவப்புக் கொடியோடு ஒருவன் நின்றான். அதை அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

"அக்கா, என்ன பண்றீங்க? யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன். விசில அடி!"

கொடியைத் தலைக்கு மேலே ஆட்டினாள். விசில் அடித்தது. மேலே கிர்டர் ஓர் ஆட்டம் ஆடி நின்றது. அந்த ஆட்டத்தில் அவள் உயிர் ஒருமுறை போய் வந்தது.

பெரிய இன்ஜினியர் முகம் சிவக்க வந்தார். பின்னாலேயே ஆய்வாளர். "உனக்கென்ன பைத்தியமா? பாதியில நிறுத்தி, காத்து எழும்புனா என்னாகும் தெரியுமா?"

"பத்தொன்பது தாங்காது சார். எல்லாரையும் எறக்குங்க."

"நேத்து நாப்பத்தாறு வந்துச்சே, இவரு முன்னாலதானே உடைச்ச?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பழகிய வாய். பிளான்டில் கோளாறு என்று மட்டும் சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் நாற்பத்தாறு இருக்கிறவரை அவர்கள் நம்பப் போவதில்லை. மேலே நூற்று அறுபது டன் தொங்குகிறது.

"அது பத்தொன்பதோட கட்டி இல்ல சார். மாப்பிள்ளைக் கட்டி. நான்தான் மாத்தி வச்சேன். நெஜக் கட்டி இருபதுக்கு மேல போகல."

ஆய்வாளர் அவளைப் பார்த்த பார்வையை அவள் சாகும்வரை மறக்க மாட்டாள். இன்ஜினியர் அதற்கெல்லாம் நேரம் செலவழிக்கவில்லை. வாக்கிடாக்கியை வாயருகே வைத்தார். "மேல யாரு? முன்கால் அடியில பாரு. ஏதாவது தெரியுதா?"

கொரகொரவென்ற இரைச்சலுக்கு நடுவே தம்பியின் குரல் வந்தது. "ஒரு கீறல் இருக்கு சார். ஒரு கை நீளம். காலையில இல்ல."

கிர்டரைப் பின்னால் இழுக்கும்வரை யாரும் மேலிருந்து இறங்கக் கூடாது. முன்காலின் திருகுகளை அவர்கள்தான் பிடித்தாக வேண்டும். நாற்பது நிமிடம். ஒரு நொடிகூடத் தலையைத் தாழ்த்தாமல் அவள் நின்றாள். காற்று எழும்பியபோது கூட நின்ற யாரோ கடவுளைக் கூப்பிட்டார்கள். அவளுக்குக் கூப்பிட முகமில்லை. கடைசியில் எடை பதினெட்டின் மேல் போய் உட்கார, மஞ்சள் தொப்பிகள் ஏணியில் ஒவ்வொன்றாக இறங்கின. தம்பி ஆறாவதாக இறங்கினான். அவனைத் தொட்டுப் பார்த்தாள். அழுதாள். எல்லோரும் பார்க்கிறார்களே என்ற வெட்கமே இல்லை.

கூட்டம் சுற்றிக்கொண்டது. உயிரைக் காப்பாற்றினாய் என்று ஒருவன் கும்பிடவே செய்தான். கம்பி கட்டும் மேஸ்திரி மட்டும் தள்ளி நின்றார். அவர் மகனும் அந்தக் குழுவில்தான், வேறு ஷிஃப்ட்.

"ஒண்ணு கேக்கலாமாம்மா?" என்றார். குரலில் கோபமே இல்லை. "பதிமூணுலயும் மாப்பிள்ளதான் ஏறுச்சுன்னு சோதனைக் கூடத்துல பேசிக்கிட்டாங்க. அன்னிக்கு மேல என் பையன் நின்னான். இன்னிக்கு உன் தம்பி நிக்காம இருந்தா நீ ஓடி வந்திருப்பியா?"

கும்பிட்டவன் கையைக் கீழே போட்டான். மேஸ்திரி பதிலுக்காக நிற்கவில்லை.

ஆய்வாளர் அவளை அலுவலகத்துக்கு வரச் சொன்னார். போகிற வழியில் தம்பி கையைப் பிடித்து நிறுத்தினான்.

"பத்தொன்பதோட நிறுத்திக்கோக்கா. ஒரு தடவ தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லு. வேலையோட போகும். மத்ததையும் சொன்னா உன்ன உள்ள தள்ளிருவாங்க. அதெல்லாம் முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டுதானே, தாங்கும்."

"தாங்கும்னுதான் இதையும் நெனச்சேன்" என்று கையை விடுவித்துக்கொண்டாள்.

உள்ளே மின்விசிறி மேசைக் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் அவற்றின் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு, பேனாவைத் திறந்தார். நேற்றைய அறிக்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அவர் கையெழுத்தும் அல்லவா அதில் இருக்கிறது.

"பத்தொன்பது தவிர வேற ஏதாவது தூண்ல மாத்தியிருக்கியா?"

கதவுக்கு வெளியே தம்பியின் நிழல் தெரிந்தது.

"நாலு, பதினொண்ணு, பதிமூணு" என்றாள். அவர் எழுதத் தொடங்கினார். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"பதிமூணை மொதல்ல எழுதுங்க சார். அதுக்கு நான் ஓடி வரல."