பன்னிரண்டாவது மரம்

நடந்ததைத்தான் எழுதுகிறேன். ஆண்டு 1927. மாதம் மார்ச். இடம் மலாயாவில் ஈப்போ. நேரங்கள்கூடப் பிச்சைமுத்து சொன்னவைதான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

சிலிபின் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தை அழித்து ஊர்ப் பூங்கா ஆக்கியிருந்தார்கள். மாலையில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்களுக்கு மழைக்கு ஒதுங்க இடமில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, உட்காரப் பலகை இல்லை. அந்த வருஷம் அதற்கெல்லாம் வேலை நடந்தது. ஓடு வேய்ந்த கொட்டகை ஒன்று, தண்ணீர்க் குழாய், கக்கூஸ், சிமெண்டு பெஞ்சுகள், கடைசியாகக் காவலாளிக்கு ஒரு வீடு. பழைய ரப்பர் மரங்களில் ஒரு வரிசையை மட்டும் நிழலுக்காக விட்டுவைத்தார்கள். இருபத்திரண்டு மரங்கள். பெஞ்சுகள் அவற்றின் கீழே.

காவலாளி வேலையும் அந்த வீடும் அங்கே கூலிவேலை செய்த பிச்சைமுத்துவுக்கு என்று ஓவர்சியர் கார்த்திகேசு வாக்குக் கொடுத்திருந்தார். மார்ச் 26, சனிக்கிழமை திறப்பு விழா. அன்றைக்குச் சாவி கைக்கு வரும். அவன் மனைவி ராக்காயி சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். கூலிகள் குடியிருக்கும் லயத்தில் ஒரே அறையில் ஏழு பேரோடு கிடந்தாள். சாவி வந்த மறுநாளே அவளை அழைத்துவந்துவிட வேண்டும். அவன் நினைப்பெல்லாம் அதுதான்.

கூட வேலை செய்த சீனி கேலி செய்தான்.

"என்னண்ணே, மூணாவது தடவையா சுண்ணாம்பு அடிக்கிற? அண்ணி வந்தா தரையில படுக்காது, செவுத்துலதான் படுக்கும் லா."

11ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, லாரிக்காரன் ஒருவன் சேதி கொண்டுவந்தான். ராக்காயியின் தம்பி பத்துமலை சொல்லி அனுப்பியது. அக்காவுக்குக் காய்ச்சல், மச்சானை உடனே வரச் சொல்.

பிச்சைமுத்து ஓவர்சியரிடம் போய் நின்றான். கார்த்திகேசு யாழ்ப்பாணத்துக்காரர். கெட்ட மனிதர் இல்லை.

"போறதெண்டால் போம். நான் மறிக்கேல்ல. ஆனால் இந்த வேலைக்குப் பத்துப் பேர் நிக்கினம். விழா முடியிற வரைக்கும் வீட்டை ஆருக்கும் குடாமல் வச்சிருக்க என்னால ஏலாது."

பிச்சைமுத்து இரவெல்லாம் யோசித்தான். காய்ச்சல்தானே. இன்னும் பதினைந்து நாள்தானே.

போகவில்லை.

14ஆம் தேதி, திங்கட்கிழமை. காலை ஆறரை. அவன் படுத்திருந்த சாமான் கொட்டகையிலிருந்து வெளியே வந்தான். ரப்பர் மரங்களில் புது வெட்டு. இருபத்திரண்டிலும். சாய்வாக, சீராக, கைதேர்ந்த வெட்டு. வெட்டில் பால் வழிந்துகொண்டிருந்தது.

பால் பிடிக்க மங்கு இல்லை. கீழே மண்ணில் ஒரு சொட்டுப் பாலும் இல்லை.

அவன் குனிந்து பட்டையைப் பார்த்தான். வெட்டின் நடுவே மயிரிழைபோல் ஒரு கோடு ஓடியது. கத்தியின் கூரில் ஒரு துண்டு உடைந்திருந்தால் அப்படி விழும். அப்படி ஒரு கத்தியை அவனுக்குத் தெரியும். எத்தனையோ ராத்திரி அவன் தீட்டிக் கொடுத்த கத்தி.

ராக்காயியின் கத்தி.

பயம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. தோட்டத்தை விட்டு ஓடிவந்துவிட்டாள் என்று நினைத்தான். கங்காணியின் ஆட்கள் தேடுவார்கள் என்று ஒளிந்திருக்கிறாள். வயிற்றுப்பாட்டுக்குப் பால் வெட்டி எந்தக் கடையிலாவது விற்கிறாள். அப்படித்தான் அவனுக்குத் தோன்றியது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

அன்று சாயங்காலம் இலையில் சோறு கட்டி ஒரு மரத்தடியில் வைத்தான். விடிந்து பார்த்தான். சோறு அப்படியே இருந்தது.

எறும்புகூட மொய்க்கவில்லை.

தினமும் வெட்டு விழுந்தது. மழை பெய்து மண் சேறாகக் கிடந்த காலையிலும் விழுந்தது. சேற்றில் கால்தடம் இல்லை.

21ஆம் தேதி, திங்கட்கிழமை, கார்த்திகேசு மரங்களைப் பார்த்துவிட்டார்.

"ஆர் செய்த வேலை இது? நீர்தானே இஞ்ச படுக்கிறது?"

"தெரியலீங்கய்யா."

"புதன்கிழமை துரை வாறார். அண்டைக்குப் புது வெட்டு ஒண்டு கண்டால் உமக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. விளங்குதோ?"

போகும்போது காவலாளி வீட்டைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் விடியுமுன் பிச்சைமுத்து மரங்களுக்கு நடுவே போய் நின்றான். கையில் தீப்பெட்டி மட்டும். அவளிடம் சொல்லி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் இத்தனை நாள் பொறுத்ததெல்லாம் வீண்.

போலீஸ் ஸ்டேஷன் மணி அடித்தது. ஐந்து.

தவளைச் சத்தம் நின்றது. எல்லாம் ஒரே நேரத்தில்.

சர்ர்ர்...

முதல் மரம். பட்டை சீவும் சத்தம். அவனுக்குப் பழகிய சத்தம்.

சர்ர்ர்...

இரண்டாவது. நடந்து வரும் சத்தம் இல்லை. சருகு நொறுங்கவில்லை. வெட்டும் சத்தம் மட்டும் மரம் மாறி மரம் வந்தது.

அவன் எண்ணினான். ஒன்பது... பத்து... பதினொன்று.

பன்னிரண்டாவது மரத்துக்குப் பக்கத்தில் அவன் நின்றிருந்தான்.

அங்கே இருட்டு கொஞ்சம் கெட்டியாக இருந்தது. முதுகு தெரிந்தது. தலையில் கட்டிய துணி தெரிந்தது.

"ராக்காயி..."

கத்தி நின்றது.

"காய்ச்சல் விட்டுருச்சா?"

"விட்டுருச்சு."

அவள் குரல்தான். ஆனால் பேசும்போது முதுகு அசையவில்லை. மூச்சு இல்லை.

"போதும், நிறுத்து. இனிமே வெட்டினா எனக்கு வேலை போயிரும்."

"இன்னும் பதினொண்ணு இருக்கு."

"இருக்கட்டும். வீட்டுக்கு வந்துரு."

"வீடு முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

கத்தி பட்டையிலிருந்து விலகியது.

"நெசமா வரச் சொல்றியா?"

அவனுக்கு அப்போதுதான் உடம்பு குளிர்ந்தது. இருந்தும் சொன்னான்.

"வா."

தலை மெதுவாகத் திரும்பியது.

தீக்குச்சியைக் கிழித்தான்.

யாரும் இல்லை.

மரத்தில் பாதி வெட்டு. உலர்ந்திருந்தது. பதினோராவது மரத்துக்கு ஓடினான். அதில் பால் வழிந்தது. ஒரு சொட்டு திரண்டது... விழுந்தது...

தரைக்கு வரவில்லை.

குச்சி கையைச் சுட்டு அணைந்தது.

காவலாளி வீட்டுப் பக்கமிருந்து சத்தம்.

டக்.

உள்ளிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம்.

அவன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஐந்தரைக்கு ஈயச் சுரங்கத்தின் சங்கு ஊதியது. தவளைகள் மறுபடி கத்தத் தொடங்கின.

புதன்கிழமை மரங்களில் புது வெட்டு இல்லை. துரை வந்தார், பார்த்தார், தலையை ஆட்டிவிட்டுப் போனார். வியாழன், வெள்ளியிலும் வெட்டு இல்லை.

சனிக்கிழமை மாலை நாலரைக்குத் திறப்பு விழா. பாண்டு வாசித்தார்கள். துரைசானி ஒருத்தி நாடாவை வெட்டினாள். பிள்ளைகள் குழாயைச் சுற்றி அடித்துக்கொண்டார்கள். ஜனங்கள் புது பெஞ்சுகளில் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள்.

ஐந்து மணிக்குப் பத்துமலை வந்தான். மொட்டை அடித்திருந்தான்.

"அக்கா போயிருச்சு மச்சான்."

"எப்ப?"

"பன்னண்டாந் தேதி ராத்திரி. காய்ச்சல்னு முன்னாடியே சேதி சொல்லி விட்டேனே. லாரிக்காரன் வரலையா? நானே வந்து சொல்லலாம்னா தோட்டத்துக் கிராணி எனக்கு லீவு குடுக்கல."

 பத்துமலை குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"இன்னொண்ணு மச்சான். அக்கா வெட்டுற நெரையில முந்நூறு மரம். அது போனதுக்கப்புறம் யாரும் கத்தி வைக்கல. ஆனா அந்தத் திங்கக்கெழமையில இருந்து தெனம் மங்கு நெறஞ்சிருந்திச்சு. வெட்டே இல்ல, மங்குல பால் இருக்கு. கிராணியே வந்து எண்ணிப் பாத்தாரு. எல்லா மரத்துலயும் இல்ல. இருபத்திரண்டுல மட்டும்."

"இப்பவுமா?"

"இல்ல. நின்னுபோச்சு. இந்தச் செவ்வாக்கெழமை பதினோரு மங்குதான் நெறஞ்சிருந்திச்சு. பன்னண்டாவதுல இருந்து காலி. அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல."

கார்த்திகேசு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"இந்தாரும். திங்கட்கிழமை பூட்டினது. போய்த் திறவும்."

பிச்சைமுத்து கையை நீட்டவில்லை.

"சாவி வேணாங்கய்யா," என்றான். "உள்ள ஆள் இருக்கு."