நிப்பாட்டென்றால் பாட்டு

யாழ்ப்பாணத்துக் குருநகர் சந்தியோகு பதினெட்டு வருடம் சங்கு குளித்தவர். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் உடம்பு விழுந்துவிட்டது. கால்கள் அசையா, விரல்கள் மடங்கா. வாய் மட்டும் பழையபடி இருந்தது, கோபமும்.

மனைவி றோஸ் காலையில் நண்டுக் கொம்பனிக்குப் போனால் பின்னேரம்தான் திரும்புவாள். தனியே கிடக்கிற மனிசன் பந்தடி மட்சாவது பார்க்கட்டும் என்று, வாயால் சொன்னதைச் செய்கிற புது ரீவி ஒன்றை வாங்கினாள். தமிழ் நன்றாக விளங்கும் என்று கடையில் நின்ற கோபிசங்கர் அடித்துச் சொல்லியிருந்தான்.

முதல் நாள் சந்தியோகு பந்தடி போடச் சொன்னார். அதற்குப் 'பாண்டி' என்று கேட்டதோ என்னவோ, பாண்டிச்சேரி விடுதிகள் வந்தன. பொறுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் ஏதோ நாடகத்தின் அழுகை தாங்காமல், "உதை நிப்பாட்டு" என்றார். 'இதை' என்ற கருத்தில் அவர் சொன்ன 'உதை'யை அடி உதையாக எடுத்துக்கொண்டு அது ஒரு சண்டைப் படத்தைப் போட்டது. "நிப்பாட்டு" என்று கத்தினார். பாட்டுத் தொடங்கியது. கத்தக் கத்தப் பாட்டு மாறியதே தவிர நிற்கவில்லை. றிமோட் எட்டாத மேசையில் கிடந்தது. மனிசன் ஆசையாகப் பாட்டுக் கேட்கிறார் என்று அயலவர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஐந்து மணித்தியாலம் கழித்து றோஸ் வந்தபோது அவருக்குக் குரல் அடைத்திருந்தது. அவள் சுவிச்சை அணைத்துவிட்டுக் கிட்டப் போனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் ரீவியையும் அவரையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனாள். சனிக்கிழமை, கடை நிறையச் சனம். பழுது ஒன்றுமில்லை, இந்தியப் படத்தில் கதைக்கிற மாதிரி 'நிறுத்து' என்று சொன்னால் கேட்கும் என்றான் கோபிசங்கர்.

"என்ரை வீட்டிலை நான் ஆரின்ரை வாயாலை தம்பி கதைக்கிறது?" சக்கர நாற்காலியில் இருந்தபடி கேட்டார் சந்தியோகு. "நீர் உம்மடை அம்மாவோடை கதைக்கிற மாதிரி அந்த ரீவியோடை ஒருக்காக் கதையும். நான் பாக்கிறன்."

கோபிசங்கர் தயங்கினான். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காட்சிக்கு வைத்திருந்த அதே மாதிரி ரீவியைப் பார்த்து, மெல்லிய குரலில், "நிப்பாட்டு" என்றான். குத்துப்பாட்டு ஒன்று கடையே அதிரத் தொடங்கியது. சனம் சிரித்தது. சந்தியோகு சிரிக்கவில்லை. அதே ரீவிக்குப் பில் போட நின்ற ஒரு பெண் தனக்கு வேண்டாம் என்று நகர்ந்ததும் முதலாளியே எழுந்து வந்தார். பெரிய பட்டன்கள் வைத்த றிமோட்டோடு சாதாரண ரீவி ஒன்றை மாற்றிக் கொடுத்தார்.

இப்போது விரல்மூட்டு மொளியால் பட்டனை இடித்துப் பந்தடி பார்க்கிறார். போன கிழமை, தாங்கள் திருப்பிக் கொடுத்த அதே ரீவி கடை வாசலில் 'தமிழ் விளங்கும்' என்ற மட்டையோடு நிற்கிறது என்று றோஸ் வந்து சொன்னாள்.

பந்தடியை நிறுத்தினார்.

"சனிக்கிழமைக்கு ஓட்டோவுக்குச் சொல்லு" என்றார்.