கஜபதியின் அன்னங்களும் கலியமூர்த்தியின் கடலும்

மண்ணூர்பேட்டை கஜபதிக்கு ஊர் வைத்த பெயர் 'தொபுக்கடீர்'. ஆரம்பத்தில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிற்பாடு அந்த மரியாதையும் போயிற்று. கல்யாண ரிசப்ஷன்களில் நீல விளக்குக்கு மேலே ஐஸில் ஓர் அன்னம் கழுத்தை வளைத்து நிற்குமே, அது அவர் கைவேலை. பேக்டரியிலிருந்து ஐஸைப் பாளம் பாளமாக இறக்கி, ரம்பமும் உளியும் வைத்து, ஆள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அன்னமோ மயிலோ ஆக்கிவிடுவார். மூக்கும் இறகும் அச்சு அசல். ஒரே குறை, பந்தி பாதியில் இருக்கும்போது அது விழுந்துவிடும்.

எல்லாமே விழாது என்பது கஜபதியின் கட்சி. உண்மைதான். ஆனால் விழாமல் நின்றதை எவன் ஞாபகம் வைத்துக்கொள்கிறான்? அம்பத்தூரில் ஒரு மயில் மாப்பிள்ளையின் சித்தப்பா மடியில் போய் உட்கார்ந்ததைத்தான் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

விழுந்ததற்கு அவரிடம் எப்போதும் ஒரே காரணம், கண் திருஷ்டி. "யானைக்கும் அடி சறுக்கும் நைனா, எவன் கண்ணு பட்டுச்சோ" என்பார். அடுத்த முறை இன்னும் பெரிய எலுமிச்சம்பழமாகப் பார்த்துக் கட்டுவார்.

ஒரே ஒரு தடவை விழுந்ததுதான் அவரை நிஜமாக அடித்தது. மகள் நிவேதிதாவின் மஞ்சள் நீராட்டு விழாவில், அன்னத்தின் தலை ஒடிந்து ரோஸ்மில்க் அண்டாவுக்குள் விழுந்தது. கூடப் படிக்கிற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிவேதிதா அப்பாவோடு ஒரு வாரம் பேசவில்லை. "உன் கல்யாணத்துக்கு நான் செய்றது கடைசிப் பந்தி வரைக்கும் நிக்கும்மா, நிக்கலன்னா நான் உளியத் தொடமாட்டேன்" என்று கஜபதி வாக்குக் கொடுத்தார். அவள் அதை மறக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை அஸ்வின், ஆவடி குவார்ட்டர்ஸ் பையன். அவன் அப்பா கலியமூர்த்தி அங்கே டாங்க் பேக்டரியில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர், கும்பகோணம் பக்கம். அஸ்வினுக்குத் தென்துருவத்து ஐஸைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற வேலை. கேட்டதும் கஜபதிக்குக் கால் தரையில் பாவவில்லை. "நம்ம லைனுதான் மாப்ள" என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மாமா, ரிசப்ஷனுக்கு ஒண்ணு செஞ்சு தரணும்" என்றான் அஸ்வின்.

"சொல்லுங்க மாப்ள. அன்னமா, மயிலா?"

"ஐஸ் மாமா. அண்டார்டிகாவுல இருக்கிற மாதிரி ஐஸ்."

கஜபதி மனைவியைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். "ஐஸ்ல ஐஸ் செய்யணுமா? அதுக்கு நான் இன்னாத்துக்கு மாப்ள?"

"நல்லதுதான்" என்றாள் வடிவு. கட்டின நாள் முதலாகப் பார்த்தவள். "இதாச்சும் உழுந்தா யாருக்கும் தெரியாது."

அஸ்வின் சிரிக்காமல் விளக்கினான். அங்கே ஐஸ் நிலத்தின் மேல் மலையாக உட்கார்ந்திருக்கிறது. ஓரம் மட்டும் கடலுக்குள் நீட்டிக்கொண்டு மிதக்கிறது. "எது வரைக்கும் நிலத்துல அழுத்தி உக்காந்திருக்கோ, அதுதான் மாமா அதோட பிடி. கடல் கொஞ்சம் ஏறினா ஓரம் தூக்கிக்கும், தண்ணி அடியில பூந்துடும். சந்திரன் இழுக்கிற இழுப்புக்குத் தினம் கடல் பொங்கி வத்துது பாருங்க, அப்போ அந்தத் தண்ணி உள்ள போய்ப் போய் வரும். போன இடமெல்லாம் கரைஞ்சு, பிடி பின்னாடி பின்னாடி போயிடும். பிடி விட்டா மேல இருக்கிறது சரிஞ்சு கடலுக்கு வந்துடும்."

கஜபதி முகம் மாறியது. அவருடைய ட்ரேயிலும் அடியில் ஓட்டை உண்டு, உருகின தண்ணீர் டியூப் வழியாக பக்கெட்டுக்குப் போக. ஆனால் கார்ப்பெட் நனைகிறது என்று மண்டபத்துக்கு மண்டபம் மேனேஜர்கள் கத்துவார்கள். அவரும் ஓட்டையில் தக்கையைச் செருகிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்.

"அடியில தண்ணி நின்னா, அவ்ளோதானா மாப்ள?"

"அவ்ளோதான் மாமா. காத்தைவிடத் தண்ணி சீக்கிரம் தின்னுடும். அடி தேஞ்ச பிறகு மேல எவ்ளோ அழகா இருந்து என்ன?"

"அப்போ எலுமிச்சம்பழம்?"

"எந்த எலுமிச்சம்பழம் மாமா?"

"ஒண்ணுமில்ல மாப்ள, நீங்க டீ குடிங்க" என்றார் கஜபதி.

குமணன்சாவடி மண்டபத்தில் ரிசப்ஷன். மேஜை மேல் முன்பக்கம் கண்ணாடி வைத்த தகரத் தொட்டி, உள்ளே சாய்வாக ஒரு கல், கல்லின் மேல் பெரிய ஐஸ் பாளம், அதன் மூக்கு நீலத் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. தொட்டியிலிருந்து ஒரு டியூப் மேஜைக்குப் பின்னால் இருந்த பக்கெட்டுக்குப் போனது. பக்கெட்டைத் தூக்கினால் தொட்டியில் கடல் பொங்கும், இறக்கினால் வற்றும். அந்த வேலையைக் கலியமூர்த்தி யாருக்கும் விட்டுத்தரவில்லை. பட்டு வேட்டி சரசரக்க நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் "நாந்தாங்க சந்திரன்" என்று அறிமுகம் செய்துகொண்டார். சில பேர் அதைப் பெயர் என்றே நினைத்துக்கொண்டு கை கொடுத்தார்கள்.

கஜபதியும் சும்மா இருக்கவில்லை. மகள் ரிசப்ஷனில் வெறும் ஐஸை வைத்தால் ஊர் சிரிக்கும் என்று, பாளத்தின் மேல் ஜோடி அன்னம் செதுக்கி, நெஞ்சில் மகள் பேரும் மாப்பிள்ளை பேரும் பொறித்திருந்தார். மேடையிலிருந்து பார்த்த அஸ்வின் கோட்டோடு இறங்கி ஓடிவந்தான்.

"மாமா, அண்டார்டிகாவுல ஏது அன்னம்? பென்குயின்தான் உண்டு."

"கோட்டு போட்டுகினு நிக்குமே அதுவா? அதான் நீங்க கீறீங்களே மாப்ள."

மண்டபத்து மேனேஜர் உஸ்மான் கனி வேறு வந்து நின்றார். "கஜா அண்ணாத்தே, கார்ப்பெட்டு புச்சு. ஒரு சொட்டு விழுந்தாலும் முதலாளி என்னைத் தொலைச்சிடுவாரு." கஜபதி தொட்டியின் அடி ஓட்டையில் தக்கை இறுக்கமாக இருப்பதைக் காட்டினார். மாப்பிள்ளை ஓட்டையே கேட்கவில்லை, பழக்கதோஷத்தில் அவரே வைத்தது.

பந்தி ஆரம்பித்தது. அஸ்வினுடைய ஆபீஸ்காரர்கள் தொட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். கலியமூர்த்தி தூக்கினார், இறக்கினார். ஒவ்வொரு தரம் பொங்கும்போதும் ஐஸின் மூக்கு லேசாக எழும்பியது, வற்றும்போது கல்லில் 'டொக்' என்று உட்கார்ந்தது. அஸ்வின் நடுநடுவே ஒரு மக் வெந்நீர் ஊற்றினான், "இது கடல் மட்டம் ஏறுறது" என்று சொல்லிக்கொண்டு. நீலத் தண்ணீர் பாளத்தின் அடியில் உள்ளே உள்ளே போவது கண்ணாடி வழியாக நன்றாகத் தெரிந்தது. டொக் சத்தம் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நின்றேபோனது. இவ்வளவு தண்ணீர் நிற்கும்வரை இனி அது உட்காராது.

"இப்போ பாருங்க, சரியும்!" என்றான் அஸ்வின் சந்தோஷமாக. அன்னங்கள் தலையை ஆட்டின. செல்போன்கள் உயர்ந்தன. கஜபதியின் வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் செய்தது விழுவதைக் கைதட்டிப் பார்க்க ஒரு கூட்டம் காத்திருந்தது.

அவர் மேடையைப் பார்த்தார். நிவேதிதா யாருக்கோ வணக்கம் சொல்லிக்கொண்டே அன்னங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. ரோஸ்மில்க் அண்டாவைப் பார்த்த அதே முகம்.

கஜபதி மேஜைக்கு அடியில் பாய்ந்து தக்கையைப் பிடுங்கினார்.

நீலக் கடல் மொத்தமும் கலியமூர்த்தியின் பட்டு வேட்டியில் இறங்கிப் புதுக் கார்ப்பெட்டில் ஓடியது. "யா அல்லா!" என்று உஸ்மான் கனி தலையில் கை வைத்தார். சந்திரன் பக்கெட்டும் கையுமாக நாற்காலி மேல் ஏறி நின்றார். "என்ன சம்பந்தி இது, நம்ம வீட்டு விசேஷத்துல இப்படிப் பண்ணிட்டீங்களே!" தொட்டிக்குள் பாளம் மெல்ல இறங்கி, கல்லின் மேல் அழுத்தமாக 'டொக்' என்றது. அன்னங்கள் கொஞ்சம் சாய்ந்து, ஆனாலும் நின்றன.

அஸ்வினுக்கு ஒரு நொடி கோபம் வந்தது. பிறகு தொட்டியைப் பார்த்தான், கையில் தக்கையோடு தரையில் உட்கார்ந்திருந்த மாமனாரைப் பார்த்தான். "பாத்துக்கோங்க" என்றான் கூட்டத்திடம், "கடல் இறங்கிட்டா ஐஸ் திரும்ப உக்காந்துடும். மாமா காட்டிட்டார்." கைதட்டல் கிளம்பியது. இது விழுந்ததற்கு இல்லை, நின்றதற்கு.

கடைசிப் பந்தியில் இலை எடுத்த பிறகு நிவேதிதா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈரத்தில் நடந்து வந்தாள். "நிக்குதுப்பா" என்றாள். கஜபதி அழுதுவிட்டார். வடிவு அவர் முகத்தைத் துடைத்தாள், திட்டவில்லை.

அஸ்வின் வந்து அவர் தோளில் கை போட்டான். "அண்டார்டிகாவுலயும் இந்த மாதிரி ஒரு தக்கையப் பிடுங்கினா போதும் மாமா. என்ன பண்றது, கடலுக்கு அடியில ஓட்டை இல்லையே."

கஜபதி சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, அங்கே பிடுங்கத் தக்கை கிடையாது என்பது அவருக்கு உறைத்தது. இவ்வளவு காலம் விழுந்ததற்கெல்லாம் வாயில் தயாராக இருந்த திருஷ்டி, அப்போது வரவில்லை. தக்கையை எடுத்து மாப்பிள்ளையின் கோட்டுப் பையில் போட்டார்.

"நீங்களே வெச்சிக்கோங்க மாப்ள. ஓட்டை எங்கனா கீதான்னு பாத்துகினே இருங்க. கெடச்சா ஒரு போன் போடுங்க, வந்து நானே புடுங்குறேன்."