நாற்பதாம் நாள் விருந்து

சாலிஹா அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அவள்மேல் கொஞ்சம், அவள் வீட்டார்மேல் கொஞ்சம், மிச்சமெல்லாம் என்மேல்.

தேவிபட்டினத்தில் வீடு வீடாகப் போய் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுப்பது என் வேலை. என் பெயர் துர்காதேவி. ஐந்து வருடமாக இந்தத் தெருக்களில் பையைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். போகிற வீட்டிலெல்லாம் பெண்கள் ஒரே பல்லவியைத்தான் பாடுவார்கள். "எங்க வீட்டு ஆளுக்குப் பாரும்மா, எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்." கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

சாலிஹா அக்காவும் இதையே சொன்னவள்தான். வயது நாற்பத்தெட்டு. கணவர் ஹமீது சுல்தான் இருபத்திரண்டு வருடமாகக் கத்தாரில் டிரைவர். மகன் தவ்ஃபீக் சென்னையில், மகள் சுஹாவைத் தொண்டியில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் அக்கா ஒருத்தி. சாயங்காலமானால் வாசலில் அடுப்பு வைத்து இறால் வாடா பொரித்து விற்பாள். நல்ல கைமணம். எட்டு மணிக்கு வாடா மிஞ்சினால் அதுதான் அவளுக்கு ராத்திரிச் சாப்பாடு, மிஞ்சாவிட்டால் மத்தியானச் சோற்றில் தண்ணீர் ஊற்றிக் கருவாட்டைக் கடித்துக்கொள்வாள். "எனக்கு ஒருத்திக்கு எதுக்கும்மா உலை வைக்க?" என்பாள். இதைச் சொல்கிறவள் பத்துப் பேர் வந்தாலும் அரை மணி நேரத்தில் சமைத்துப் போட்டுவிடுவாள்.

ஒருநாள் கையைப் பிடித்து இழுத்துத்தான் பிரஷர் பார்த்தேன். நூற்றறுபதுக்கு நூறு. மாத்திரை கொடுத்தேன். பத்து நாள் போட்டாள், தலைவலி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிட்டாள். நெஞ்சு வலித்தபோது வாய்வு என்றாள். ஓமத் தண்ணீர் குடித்தாள், சோடா குடித்தாள். வலி தாடைக்கும் முதுகுக்கும் ஏறி, உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டிய பிறகும் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் தற்செயலாக அந்தத் தெருவுக்குப் போகாமல் இருந்திருந்தால் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது. ஆட்டோவில் தூக்கிப்போட்டு ராமநாதபுரம், அங்கிருந்து ஆம்புலன்ஸில் மதுரை. ரத்தக்குழாயில் அடைப்பு. அதை விரித்து உள்ளே ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள்.

ஹமீது அண்ணன் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவரிடம் ஒரு நிமிடம் பேசினார். உப்பையும் எண்ணெயையும் குறைக்கணும், தினம் நடக்கணும், மாத்திரையை நிறுத்தக் கூடாது. அவ்வளவுதான். அந்த வீட்டில் சமைப்பது யார் என்று டாக்டர் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் என்னிடம் கேட்டார். "எப்படிம்மா பாத்துக்கிறது? வெவரமாச் சொல்லு."

எனக்கு அன்றைக்கு நான்கு வீடு பாக்கி. அவசரத்தில் சொன்னேன். "புள்ள பெத்தவளப் பாக்குற மாதிரி பாருங்கண்ணே. எந்த வேலையும் சொல்லாதீங்க. சாப்பாட்டுல ரொம்பக் கவனம்."

புரிய வைத்துவிட்டேன் என்ற திமிரோடு கிளம்பிப் போனேன்.

மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் அக்கா உள்ளறையில் போர்த்திப் படுத்திருக்கிறாள். இரண்டு காதிலும் பஞ்சு. தொண்டியிலிருந்து வந்திருந்த சுஹா தாய்க்குப் பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கும் காய மருந்து கிண்டி, நல்லெண்ணெய் மிதக்க மிதக்க ஊட்டிக்கொண்டிருக்கிறாள். பூண்டுக் குழம்பிலும் எண்ணெய், முட்டையிலும் எண்ணெய். எழுந்து நடக்கக் கூடாதாம், காற்று பட்டுவிடுமாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பஞ்சைப் பிடுங்கிப் போட்டேன். எண்ணெய்ச் செம்பைத் தூக்கிப் பரண்மேல் வைத்தேன். பிள்ளை பெற்ற கணக்கு வேறு, இது வேறு என்று அப்போதே உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும். விளக்கவில்லை. எண்ணெயை மட்டும் திட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு குறை சொல்ல முடியாத கவனிப்பு. சுஹா தேங்காய்ப்பால் இல்லாமல் மீன் குழம்பு வைத்தாள். கருவாட்டுப் பானை பக்கத்து வீட்டுக்குப் போனது. அண்ணன் கீரையும் காயும் தேடி வாங்கி வந்தார்.

நடப்பதுதான் பெரும்பாடு. விடியற்காலை தொழுகை முடிந்ததும் அக்காவை நான் கடற்கரைப் பக்கம் கூட்டிப் போவேன். எங்கள் ஊரில் ஒரு பெண் சும்மா நடந்துவிட முடியுமா? வாசலுக்கு வாசல் கேள்வி. "எங்க போறிய, இம்புட்டு வெள்ளன?" நடக்கப் போகிறோம் என்றால் நம்புவதில்லை. கடைசியில் அக்கா கையில் ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டாள். பையைப் பார்த்ததும் ஊர் வாயை மூடியது. தன் உயிருக்காக நடப்பதற்கு ஒரு பெண் கடைக்குப் போவதுபோல் நடிக்க வேண்டியிருக்கிறது. யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை.

ஆனால் பிரஷர் இறங்கியது. நூற்றிருபத்தெட்டுக்கு எண்பது. அக்கா முகத்தில் களை வந்தது. நான் ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் அவளைப் பற்றிப் பெருமையாகப் பேசினேன். அவள் வீட்டுக் காலண்டரில் அண்ணன் ஒவ்வொரு தேதியாக அடித்துக்கொண்டு வந்ததையும் பார்த்தேன். லீவு முடிகிற நாளை எண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அறிவு அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போனேன். வாசல் நிறையச் செருப்பு. நெய் வாசம் தெருமுனைக்கு வந்தது. உள்ளே பாய் விரித்து, சகன் என்கிற பெரிய தட்டுகளில் ஆட்டுக்கறி பிரியாணி, பக்கத்தில் தாளிச்சா, கிண்ணத்தில் வாடா. ஒரு தட்டைச் சுற்றி நான்கு பெண்கள், அதில் ஒருத்தி அக்கா. தலை குளித்து, புதுச் சேலை கட்டி, மல்லிகை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். மற்ற மூவரும் தங்கள் பக்கத்துக் கறியை அவள் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். அன்பாம்.

"வா துர்கா, உக்காரு. இன்னிக்கு நாப்பது. குளிச்சாச்சு" என்றாள் அக்கா, சிரித்துக்கொண்டே.

எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை. பிள்ளை பெற்றவள் நாற்பதாம் நாள் தலை முழுகிப் பத்தியத்தை முடிக்கிற கணக்கு. "மாத்திரை?"

"அதான் நாப்பது ஆயிருச்சுல்ல. நேத்தோட நிப்பாட்டிட்டேன்."

அங்கேயே உட்கார்ந்து அவள் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினேன். நூற்றைம்பத்தாறுக்கு நூறு. அத்தனை பேர் முன்னால் நான் கத்தினேன். "உள்ள வச்ச ஸ்டென்ட்ல ரத்தம் ஒறைஞ்சா மதுரைக்குப் போகக்கூட நேரம் இருக்காது. அந்த மாத்திரைய ஒருநாள் விட்டாலும் ஆபத்து. யாரு ஒங்களுக்கு நாப்பதுன்னு சொன்னது?"

ஹமீது அண்ணன் உள்ளே வந்தார். அவருக்குக் கோபம் இல்லை, முகம் வெளுத்திருந்தது. "நீதானேம்மா சொன்னே. புள்ள பெத்தவளப் பாக்குற மாதிரின்னு. நாப்பது நாளு ஒரு கொறை வச்சமா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

மெல்ல, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "தப்பு என்னோடதுதாண்ணே. இதுக்கு நாள் கணக்குக் கெடையாது. மாத்திரையும், இந்தச் சாப்பாடும், நடையும் இனி என்னைக்கும் உண்டு."

அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "நான் செவ்வாக்கெழம பிளைட் ஏறணும். சுஹா நாளைக்கு மாமியா வீட்டுக்குப் போவணும். அதுக்கப்புறம் யாரு இதெல்லாம் பாக்குறது? இன்னும் எத்தனை நாளைக்கு, சாலிஹா?"

அதுவரை அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அதைத் தள்ளினாள். இத்தனை வருடத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

"தவ்ஃபீக்கப் பெத்தப்ப ஒரு நாப்பது. சுஹாவுக்கு ஒரு நாப்பது. இப்ப ஒரு நாப்பது. இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து, நூத்தி இருவது நாளு எனக்கு யாராச்சும் சோறு பொங்கிப் போட்டிருக்காங்க. நானும் அதுக்கு மேல கேக்கக் கூடாதுன்னுதான் தலை முழுகிட்டு வந்து உக்காந்தேன். எத்தனை நாளைக்குன்னு கேக்குறிய. மவுத்து வரைக்கும் மச்சான். அது இந்த வாரமா, இன்னும் முப்பது வருசமான்னு நீங்க சொல்லுங்க."

பெண்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். யாரும் சாப்பிடவில்லை.

அண்ணன் எழுந்தார். "மொதல்ல மாத்திரையப் போடு. எங்கன வச்சிருக்க?"

நாற்பது நாள் காலண்டரை அடித்தவருக்கு அது தெரியவில்லை. மூன்று வேளையும் அவளேதான் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் தெரியும், அடுப்படி அலமாரியில் சீனி டப்பாவுக்குப் பின்னால். சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையை அழுத்தினாள்.

"தேடுங்க" என்றாள் அவரிடம்.

அவர் அடுப்படிக்குள் போனார். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் காத்திருந்தோம்.