பீரோவில் பூட்டிய ரம்

காலை மணி ஒன்பது பத்து. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற என் அண்ணன், வேடசந்தூர் வீட்டு வாசலில் நிற்க முடியாமல் தள்ளாடிக்கொண்டிருந்தார்.

மதினி பீரோவைத் திறந்தார். ராணுவக் கேன்டீனில் அண்ணனுக்குக் கிடைத்த ரம் பாட்டில்கள் சீல் உடையாமல் இருந்தன.

"பூட்டித்தான வச்சிருக்கேன், தம்பி. குடிக்காம எப்புடித் தள்ளாடுறாக?" என்றார். எனக்கும் புரியவில்லை.

"ஏலே, முதுகு வலி தாங்கல. மாத்திர வாங்கியா" என்றார் அண்ணன்.

பழைய மருந்துச் சீட்டுடன் கடைக்குப் போனேன்.

"நேத்து உங்க மதினி ஒரு அட்டை, முந்தாநாளு நீங்க ஒரு அட்டை. வீட்ல எம்புட்டுப் பேருக்கு முதுகு வலி?" என்றார் கடைக்காரர்.

நானும் மதினியும் ஒருவருக்கொருவர் தெரியாமல் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அன்றே டாக்டரிடம் அழைத்துப் போனோம்; மாத்திரை அதிகமானதால்தான் தள்ளாட்டம் என்றார். அவர் சொன்ன அளவை இப்போது மதினி மட்டும் எடுத்துத் தருகிறார். மீதியைப் பீரோவில் பூட்டுகிறார்.

பட்டாளத்துக்காரர் குடிப்பார் என்று நாங்களாகவே ரம்மைப் பூட்டி வைத்திருந்தோம்; அண்ணன் ரம் குடித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.