பச்சை வரிப் பேனையும் கிணற்றுத் தண்ணீரும்

நாரந்தனை அஞ்சலாவிடம் இருபத்துமூன்று பேனைகள் இருக்கின்றன. பதினாறு மை நிரப்பி எழுதுபவை. ஏழு மையில் தொட்டு எழுதுபவை. கணவர் சவிரிமுத்துவின் தூண்டில் பெட்டியைப் பிடுங்கி, அதன் சின்னச் சின்ன அறைகளில் அவற்றைப் படுக்க வைத்திருக்கிறார். சவிரிமுத்துவின் தூண்டில்கள் இப்போது ஒரு பெயின்ற் வாளிக்குள் கிடக்கின்றன.

"கடலுக்குப் போற மனிசனுக்கு வாளி, வீட்டிலை படுத்திருக்கிற பேனைக்குப் பெட்டி" என்பார் அவர்.

"உங்கட தூண்டில் ஒரு வரியாவது எழுதுமோ?" என்பார் அஞ்சலா.

ஆனால் அவர் மனதார விரும்பிய பேனை அந்தப் பெட்டியில் இல்லை. பச்சையும் கறுப்பும் வரிவரியாக ஓடிய, பக்கத்தில் சின்ன நெம்புகோல் வைத்த, பழைய இங்கிலாந்துப் பேனை அது. நெம்பினால் உள்ளே இருக்கும் இறப்பர்ப் பை அமுங்கி மையை உறிஞ்சும். அதைப் பத்தொன்பது ஆண்டுகள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கழுவியவர் அஞ்சலா. அதால் ஒரு எழுத்துக்கூட எழுதாதவரும் அவர்தான்.

தீவுப்பகுதி அரச அலுவலகம் ஒன்றில் அவர் முப்பத்திரண்டு ஆண்டுகள் சிற்றூழியராக இருந்தார். கூட்டுவது, தேநீர் கொடுப்பது, கோப்புத் தூக்குவது, எழுத்து வேலை பார்க்கும் இலிகிதர்களின் பேனைகளைக் கழுவி மை நிரப்புவது எல்லாம் அவர் வேலை. சேர்ந்த புதிதில் கிணற்றுத் தண்ணீரில் கழுவினார். பேனைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்துக்கொண்டன. ஓர் இலிகிதர், "படிப்பில்லாததுகளிட்டைக் குடுத்தால் இப்பிடித்தான்" என்று பேனையை அவர் காலடியில் எறிந்தார். அஞ்சலா அழவில்லை. இரண்டு தட்டில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் கிணற்று நீரும் மற்றதில் மழை நீருமாக, வெயிலில் காயவிட்டார். முதலாவதில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. மற்றது வெறுமையாக இருந்தது. அன்றிலிருந்து மழைத் தொட்டித் தண்ணீர்தான். பட்டம் பெற்ற ஒருவர் இதைச் செய்திருந்தால் ஆராய்ச்சி என்று சொல்லியிருப்போம்.

வாணி விழாவுக்கு அந்தப் பேனைகளை மினுக்கிக் கலைமகள் படத்தின் முன் அடுக்கியதும் அவரே. ஆனால் சிற்றூழியர் வரவேட்டில் கையெழுத்து வைக்க அவருக்குக் கிடைத்தது, சணல் கயிற்றில் கட்டிவிட்ட ஒரு போல்பொயின்ற் பேனை. கல்விக்குத் தெய்வம் வைத்துக் கும்பிட்டவர்கள், எழுதும் கருவியைக் கழுவியவளுக்கு ஒரு துண்டுத் தாள் நீட்ட நினைக்கவில்லை. அதை அநியாயம் என்று யாரும் சொல்லவுமில்லை, ஒழுங்கு என்றார்கள்.

போல்பொயின்ற் வந்து மைப்பேனைகள் குப்பைக்கூடைக்குப் போனபோது, அஞ்சலா அவற்றைப் பொறுக்கினார். யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது, கிழிந்த இறப்பர்ப் பைக்குப் பதிலாகச் சைக்கிள் வால்வு ரியூப்பை வெட்டிப் பூட்டப் பழகினார். பழைய கோப்புகளின் பின்பக்கங்களில் எழுதியெழுதி, அச்சுப்போல ஒரு கையெழுத்தையும் வரவழைத்துக்கொண்டார்.

பச்சை வரிப் பேனை அந்த அலுவலகத்துப் பிரதம இலிகிதர் ராஜராஜேஸ்வரியுடையது. ஓய்வுபெற்று இறுப்பிட்டியில் இருந்த அந்த அம்மையார், கடந்த ஆண்டு அதை நயினாதீவு குருபரனுக்குக் கொடுத்தார். குருபரன் கோயில் ஐயர் குடும்பம், பள்ளிக்கூட ஆசிரியர், நாற்பது வயது. அவரிடம் ஐம்பது பேனைகளும், முகநூலில் அவற்றுக்கென ஒரு பக்கமும் உண்டு. "மதிப்புத் தெரிந்த கைக்கு வந்து சேர்ந்தது" என்று எழுதி, பேனையின் படத்தைப் போட்டிருந்தார். மகள் நிமலினியின் தொலைபேசியில் அதைப் பார்த்த அஞ்சலாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"மதிப்புத் தெரிஞ்ச கையாம். நெம்புகோலை எந்தப் பக்கம் தூக்கிறதெண்டு தெரியுமோ அந்தக் கைக்கு?"

தெரியவில்லைதான். இரண்டு மாதத்தில் குருபரன் பேனையின் இறப்பர்ப் பையைக் கிழித்துக்கொண்டு, படகேறி, பஸ் ஏறி நாரந்தனைக்கு வந்தார். தீவுப்பகுதியில் இதைத் திருத்தக்கூடியவர் வேறு யாருமில்லை. அஞ்சலா வால்வு ரியூப் பூட்டிக் கொடுத்தார். நிப்பைத் துடைத்து, பேனையை இன்னொரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டே நீட்டினார்.

"அக்கா, கழுவுறதுக்கு என்ன தண்ணி நல்லது?"

அஞ்சலா முற்றத்துப் பக்கம் பார்த்தார்.

"கிணத்துத் தண்ணி போதும் மாஸ்ரர். கிழமைக்கு ரெண்டு தரம் கழுவுங்கோ."

நயினாதீவுக் கிணற்று நீர் எப்படிப்பட்டது என்பது அவருக்குத் தெரியும். பேனை அடைத்துக்கொள்ளும், குருபரனுக்குச் சலித்துவிடும், "நீங்களே வைச்சிருங்கோ" என்று கொண்டுவந்து தருவார். அஞ்சலாவின் கணக்கு இதுதான். பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை, அவரும் வைக்கவில்லை.

ஆனால் குருபரன் பேனையைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. புங்குடுதீவுப் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் பேனைக் கண்காட்சி வைத்தார். அஞ்சலாவிடமும் பன்னிரண்டு பேனைகளை இரவல் வாங்கினார். மேசையில் அவருடைய பேனைகளின் முன் "சேகரிப்பாளர்: குருபரன்" என்று பெரிய அட்டை. அஞ்சலாவின் பேனைகளுக்கு முன்னால் "நன்றி: அஞ்சலா, சிற்றூழியர் (ஓய்வு)" என்று ஒரு விரலளவுத் துண்டு. அஞ்சலா அந்தத் துண்டை இரண்டு தடவை வாசித்துவிட்டு, கடைசி வரிசைக் கதிரையில் போய் இருந்தார்.

பிரதம விருந்தினர் ராஜராஜேஸ்வரி. பிள்ளைகள் பார்க்க, பச்சைப் பேனையால் கரும்பலகை அளவு தாளில் குருபரன் எழுதத் தொடங்கினார். ஒரு கோடு வந்தது. பிறகு வெறும் கீறல். உதறினார். வரவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவர் முகம் சிவந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். "பேனையிலை பிழையில்லை. மிஸ் வேலை செய்த கந்தோரிலை வருசக் கணக்கா ஆரோ கண்டபடி கழுவிக் கெடுத்திருக்கினம். விசயம் தெரியாதவையிட்டைக் குடுத்தால் இப்பிடித்தான்."

ராஜராஜேஸ்வரியும் தலையாட்டினார்.

அஞ்சலா எழும்பினார். பேசாமல் இருந்திருந்தால் பேனை அவரிடமே வந்திருக்கும். யாரும் அவரைச் சந்தேகித்திருக்கவும் மாட்டார்கள். ஆனால் பத்தொன்பது ஆண்டு வெள்ளிக்கிழமைகள் அழுக்காகிப் போயிருக்கும்.

"அதைக் கழுவினது நான்" என்றார். "மழைத்தண்ணியிலை கழுவினனான். எழுதாமல் ஒரு நாளாவது நிண்டதெண்டு மிஸ்ஸைச் சொல்லச் சொல்லுங்கோ."

ராஜராஜேஸ்வரி யோசித்தார். "இல்லை... ஒரு நாளும் நிக்கேல்லை."

"கெடுத்தது கிணத்துத் தண்ணி. அதாலை கழுவச் சொன்னதும் நான்தான். உப்படைக்குமெண்டு தெரிஞ்சு சொன்னனான்."



"ஏனக்கா?" என்றார் குருபரன்.

"உமக்கு அதைக் குடுத்தது எனக்கு எரிஞ்சது."

"உமக்கு வேணுமெண்டால் என்னட்டைக் கேட்டிருக்கலாமே அஞ்சலா" என்றார் ராஜராஜேஸ்வரி.

"கேட்டனான் மிஸ். உங்கட பிரியாவிடை அண்டைக்குக் கேட்டனான். 'உமக்கென்னத்துக்குப் பேனை?' எண்டு சிரிச்சனீங்கள்."

அந்த அம்மையார் கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். ஒன்றும் எடுக்கவில்லை.

குருபரன் கெட்டவரில்லை, சொகுசாக வளர்ந்தவர். மேசையைச் சுற்றி வந்து பேனையை நீட்டினார். "திருத்த ஏலுமோ?"

"ஏலும். ஆனால் இப்ப சொன்னதை அந்த மைக்கிலையே மாத்திச் சொல்லும்."

சொன்னார். நன்றாகவே சொன்னார். பன்னிரண்டு பேனைகளுக்கு முன்னிருந்த துண்டை எடுத்துவிட்டு, "சேகரிப்பாளர்: அஞ்சலா" என்று புதிதாக எழுதவும் செய்தார், போல்பொயின்ற் பேனையால். பச்சைப் பேனையைத் தருகிறேன் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. ராஜராஜேஸ்வரியும் சொல்லவில்லை.

நான்கு நாள் மழைநீரில் ஊறப்போட்டு, பையை அமுக்கும் தகட்டின் துருவைச் சுரண்டி, புதிய ரியூப் பூட்டி, நயினாதீவுப் படகு புறப்படும் குறிகட்டுவான் இறங்குதுறைக்கே கொண்டுபோய்க் கொடுத்தார் அஞ்சலா. ஊரில் சில பெண்கள், தேவாலயத்தில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னார்கள். "மண்டபம் நிறையச் சனத்துக்குச் சொல்லிப்போட்டன், இனிச் சுவாமிக்கும் தனியச் சொல்லோணுமோ?" என்றார்.

குருபரன் இப்போது தினமும் அந்தப் பேனையால் ஒரு பக்கம் எழுதி முகநூலில் போடுகிறார். பின்னேரங்களில் நிமலினியின் தொலைபேசியை வாங்கி, எழுத்துகளைப் பெரிதாக்கி, மை எங்காவது மெலிந்திருக்கிறதா என்று அஞ்சலா கோடு கோடாகப் பார்க்கிறார்.

"எப்பிடியம்மா எழுதுது?"

"நல்லாத்தான் எழுதுது" என்று சொல்லி, தொலைபேசியைக் குப்புறக் கவிழ்த்து வைக்கிறார்.